இரு கையின் நாடியும்

வைத்தியர் வீட்டுக்குள் வந்து அமர்ந்ததும் முதலில் பிடிப்பது நோயாளியின் கையைத்தான். ஆண்களுக்கு வலக் கை, பெண்களுக்கு இடக் கை என்பது நம் நாட்டு நாடி சாஸ்திரத்தின் முறை. மேல்நாட்டு வைத்தியம் பயின்ற டாக்டரோ, எந்தக் கை அருகில் இருக்கிறதோ அதைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டு முறைகளுக்கும் எத்தனையோ வேற்றுமை உண்டென்றாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஒரு கையோடு காரியம் முடிந்துவிடுகிறது. அநேக வியாதிகளுக்கு அது போதும். போதாத வியாதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் புகுகிறோம்.

நாடி விழுந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னால், காலம் நெருங்கிவிட்டது என்று வீட்டார் கண் கலங்குவது வழக்கம். ஆனால் இந்த வியாதியிலோ, சமைத்துக்கொண்டும், கல்லூரிக்குப் போய் வந்துகொண்டும் இருக்கிற இளம் பெண் ஒருத்தியின் மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாமல் போகலாம். மற்றக் கையில் அதே சமயத்தில் நாடி நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும். ஒரு கையை மட்டும் பார்த்த வைத்தியர், நல்ல கை அகப்பட்டிருந்தால், "ஒன்றுமில்லை, சத்துக் குறைவுதான்" என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பெரிய இரத்தக் குழாய்களில் உண்டாகும் அழற்சியே இந்த வியாதி. அதன் தன்மை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, நமது பெருவிரலைக் காட்டிலும் சற்றுப் பருத்த குழாய். அது மேலே எழுந்து வளைந்து, பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, வயிற்றின் அடியில் இரு கால்களுக்குமாகப் பிரிகிறது. வளைவிலிருந்து கைகளுக்கும் தலைக்கும் கிளைகள் செல்கின்றன. வயிற்றில் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் கிளைகள் செல்கின்றன. ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்காலையும் அதன் கிளைக் கால்களையும் கண்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமல்ல.

வாய்க்கால் அடைபடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உள்ளே வண்டல் படிந்து தூர்ந்து போவது ஒன்று. வயது ஏற ஏறக் கொழுப்புப் படிந்து குழாய் அடைபடுவது இவ்விதமானது. மாரடைப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மற்றொன்று, வாய்க்காலின் கரையே பருத்து உட்புறமாகச் சரிந்து நீரோட்டத்தை நெருக்குவது. நாம் சொல்லும் வியாதி இந்த இரண்டாவது வகை. உடலைக் கிருமிகளிடமிருந்து காக்க வேண்டிய அணுக்கள், இன்னும் முற்றும் விளங்காத காரணத்தால், குழாயின் சுவரையே பகையென்று கருதித் தாக்குகின்றன. சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. சில இடங்களில் சுவர் தளர்ந்து பலூனைப் போல் உப்பவும் செய்கிறது. இது தொற்றுவியாதி அல்ல. எவருடைய பாபத்தின் பலனும் அல்ல.

இந்த வியாதி இரண்டு உருவங்களில் வருகிறது. ஒன்று முதியோரை நாடி வருகிறது. மற்றொன்று இளம் பெண்களை நாடி வருகிறது.

முதியோருக்கு வருவதை முதலில் பார்ப்போம். 1890-ம் வருஷத்தில் லண்டனில் ஜோனதன் ஹட்சின்ஸன் என்ற பிரசித்தி பெற்ற ரண வைத்தியர் ஒரு கிழவரைப் பற்றி எழுதினார். அந்தக் கிழவரால் தலையில் தொப்பி வைக்க முடியவில்லை. தலையின் இரு புறமும் இரத்தக் குழாய்கள் வீங்கிச் சிவந்த கோடுகளாக ஓடின. தொப்பி பட்டால் பொறுக்க முடியாத வலி. 1932-ல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த ஹார்ட்டனும் அவருடைய சகாக்களும் இத்தகைய குழாயின் துண்டை எடுத்து ஆராய்ந்து, இது தனியான ஒரு வியாதி என்று நிலைநாட்டினார்கள். பல அணுக்கள் ஒன்றாகக் கூடிப் பெரிய அணுக்களாய் மாறி அந்தச் சுவரில் காணப்படுவதால், இராட்சத அணுத் தமனி அழற்சி என்று இதற்குப் பெயர் வந்தது.

இது ஐம்பது பிராயத்துக்கு மேற்பட்டவர்களுக்கே வரும். எழுபதைக் கடந்தவர்களிடம் அதிகம். ஆண்களைக் காட்டிலும் ஸ்திரீகளுக்கு மிகுதி. வட ஐரோப்பிய வமிசத்தாரிடையே சாதாரணமாகக் காணப்படுவது. நம் நாட்டில் அவ்வளவு இல்லை. இல்லாமலும் இல்லை. அபூர்வம் என்ற காரணத்தாலேயே இங்கே இது கவனிக்கப்படாமல் போவதற்கு இடமுண்டு.

நம் வீட்டுப் பாட்டிமார் தொப்பி அணிவதில்லை. ஆகையால் வலி வேறு விதமாக வெளிப்படும். தலையில் சீப்பு வைத்தால் எரிகிறது என்பார்கள். தலையணையில் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்பார்கள். இதுவரை இல்லாத புதுத் தலைவலி ஒன்று நெற்றிப்பொட்டில் வந்து குடிகொள்ளும். சாப்பிட உட்கார்ந்தால், நாலு வாய் மென்றதும் தாடை சோர்ந்து வலிக்கும். சற்று நிறுத்தினால் வலி போகும். மறுபடி மென்றால் மறுபடி வரும். பல்லில் கோளாறு என்று பல் வைத்தியரிடம் போவார்கள். இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தோளும் இடுப்பும் விடியற்காலையில் மரக்கட்டை போல் விறைத்துக்கொள்ளும். வயதானால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று வீட்டில் ஒரு தைலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடுகிறோம்.

சமாதானம் செய்துகொள்ளலாகாத காரணம் ஒன்று உண்டு. கண்ணுக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களையும் இந்த அழற்சி பிடிக்கும். ஒரு கண்ணில் திடீரென்று திரை விழுந்தாற்போல் இருண்டு, சில நிமிஷங்களில் மீண்டும் தெளிவது அதன் எச்சரிக்கை. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும் எச்சரிக்கையே. அதைப் பொருட்படுத்தாவிட்டால் ஒரு காலையில் அந்தக் கண் பார்வை முற்றிலும் போய்விடும். போன பார்வை திரும்புவது அரிதினும் அரிது. சிகிச்சை இன்றேல் சில தினங்களிலோ ஓரிரு வாரங்களிலோ மற்றக் கண்ணும் போய்விடக்கூடும். ஆகையால் இது வாரக் கணக்கில் யோசிக்கும் விஷயமல்ல. மணிக் கணக்கில் செயல்பட வேண்டிய விஷயம்.

இனி இளையோருக்கு வருவதைப் பார்ப்போம். இதுவும் கண் வைத்தியர் ஒருவரால் வெளிச்சத்துக்கு வந்தது என்பது ஓர் ஆச்சரியம். 1908-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்துக் கனஸாவாவைச் சேர்ந்த மிகிடோ டகயாஸு, இருபது பிராயம் கடந்த ஒரு பெண்ணின் கண்ணின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் மாலை கட்டினாற்போல் வளையமிட்டிருந்ததை விவரித்தார். அதைக் கேட்ட ஓனிஷி, ககோஷிமா என்ற வேறு இருவர், தாங்களும் அத்தகைய கண்களைக் கண்டதாகவும், அந்நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை என்றும் தெரிவித்தார்கள். கழுத்தின் வழியே தலைக்கு ஏறும் குழாய்கள் குறுகிப் போனதால், பட்டினி கிடந்த கண் தானாகவே புது வழிகளை வெட்டிக்கொண்டது என்பது பின்னர் விளங்கிற்று. நாடியற்ற வியாதி என்றும், டகயாஸு வியாதி என்றும் இது வழங்கலாயிற்று.

ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டதாயினும் இது நமக்கு அந்நியமல்ல. இந்தியாவில் இது நன்கு காணப்படும் வியாதி. எச்.எல்.ஏ.-பி 52 என்ற பரம்பரைக் கூறு ஒன்றுக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தம் இருப்பது ஜப்பானிலும் தெரிந்திருக்கிறது; இந்தியாவிலும் தெரிந்திருக்கிறது. எனினும் இரு தேசத்திலும் நோயின் போக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பானில் கைக்கும் தலைக்கும் செல்லும் கிளைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. இந்தியாவில் வயிற்றுப் பகுதியும் சிறுநீரகக் குழாய்களும் பாதிக்கப்படுவது அதிகம். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால் அது தன் பசியைத் தீர்த்துக்கொள்ள உடல் முழுவதிலும் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே நம் நாட்டில் இருபது இருபத்தைந்து பிராயத்துப் பெண்ணுக்கு இரத்தக் கொதிப்பு என்றால், மாத்திரை எழுதுவதற்கு முன் "ஏன்?" என்ற கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

ஆரம்பத்தில் இந்த வியாதி மிகவும் சாதுவாக வேஷம் போடும். லேசான ஜுரம், உடம்பு இளைப்பு, அசதி, மூட்டு வலி, கழுத்தில் ஒரு நோவு. க்ஷயம் என்று சந்தேகிப்பதும் உண்டு. இரத்தசோகை என்பதும் உண்டு. மனக் கவலை என்று தள்ளிவிடுவதும் உண்டு. மாதங்கள் கழித்தே குழாய் குறுகியதன் அடையாளங்கள் தோன்றும். தலையைப் பின்னிக்கொள்ளக் கையைத் தூக்கினால் கை சோர்ந்து விழும். மாடியில் துணி உலர்த்துவதற்குள் தோள் கடுக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். சிலருக்கு மயக்கம் வரும். காலின் குழாய்கள் குறுகினால் சிறிது தூரம் நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுக்கும். அலட்சியம் செய்தால் பக்கவாதம், இருதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கேடு ஆகியவை வரை கொண்டுபோய் விடும்.

இங்கேதான் இரு கை விஷயம் வருகிறது. இரண்டு மணிக்கட்டுகளிலும் நாடியை ஒரே சமயத்தில் தொட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. அரை நிமிஷம் போதும். இரு கைகளிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் மேல் எண்ணில் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். வியாதியை வகைப்படுத்துவதற்கு 2022-ல் வெளியான சர்வதேச விதிகளில், 20 புள்ளியோ அதற்கு மேலோ உள்ள வித்தியாசம் ஓர் அடையாளமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. கழுத்துப்பட்டை எலும்பின் மேலும், வயிற்றின் மேலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், குறுகிய வழியில் இரத்தம் நெருக்கிக்கொண்டு பாயும் இரைச்சல் கேட்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கைக்குச் செல்லும் குழாய் அடைபட்டிருந்தால், அந்தக் கையில் அழுத்தம் குறைவாகவே காட்டும். உள்ளே பெருந்தமனியில் அழுத்தம் அபாயமான அளவுக்கு ஏறியிருந்தாலும், கருவி "எல்லாம் சரி" என்று பொய் சொல்லும். இரு கைகளுமே அடைபட்டிருந்தால் காலில்தான் அளந்து பார்க்க வேண்டும். டகயாஸு வியாதியில் மற்றக் கிளைகளைக் காட்டிலும் இடக் கைக்குச் செல்லும் குழாயே அடிக்கடி பிடிக்கப்படுகிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறோம். பெண்களுக்கு இடக் கை என்ற பழைய முறையைப் பின்பற்றுவோர் இதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த முறையே வியாதியைக் காட்டிக் கொடுக்கவும் கூடும். வலக் கையையும் பிடித்து ஒத்துப் பார்த்தால்தான்.

சந்தேகம் தோன்றிய பிறகு அதை உறுதி செய்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள் உடலில் எங்கோ அழற்சி இருப்பதைக் காட்டும். எங்கே என்று காட்டா. முதியோர் வியாதியில் இவை அநேகமாக மிகவும் ஏறியிருக்கும். இளையோர் வியாதியிலோ, நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே இவை சரியாக இருப்பதும் உண்டு. ஆகையால் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் படுத்துத் தூங்கிவிடக் கூடாது.

நெற்றிப்பொட்டுக் குழாயை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தால், வீங்கிய சுவர் இரத்தத்தைச் சுற்றி ஒரு கருவளையம் போல் தெரியும். ஜெர்மானிய டாக்டர்கள் இதை 1997-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலிருந்தே இந்த வளையம் மங்கத் தொடங்கும். ஆகையால் சீக்கிரம் பார்க்க வேண்டும். குழாயிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் உண்டு. அழற்சி தொடர்ச்சியாக இல்லாமல் விட்டு விட்டு இருப்பதால், எடுத்த துண்டில் ஒன்றும் இல்லை என்றாலும் வியாதி இல்லை என்று முடிவு கட்ட இயலாது. பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களும், அழற்சி உள்ள இடத்தை ஒளிர்ந்து காட்டும் பெட் ஸ்கேனும் இருக்கின்றன. க்ஷயமும் மேகநோயும் பெருந்தமனியைக் கெடுக்கக்கூடும். அவை அல்ல என்றும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். டகயாஸு வியாதி தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதை நோயாளியைத் தொட்டும் கேட்டும் அளப்பதற்கு வேலூர் உள்ளிட்ட இந்திய வைத்தியசாலைகளின் டாக்டர்கள் அமைத்த அளவுகோல் ஒன்று 2013-ல் வெளியாயிற்று. அது இந்தியாவின் பெயராலேயே வழங்குவது நாம் மகிழத்தக்கது.

சிகிச்சைக்கு வருவோம். 1948-ல் மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹென்ச் என்பவர் கார்ட்டிஸோன் என்ற மருந்தைக் கீல்வாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார். 1950-ல் அவருக்கும், அவருடைய சகாவான கெண்டாலுக்கும், ஸ்விட்ஸர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தின் வழிவந்த ஸ்டீராய்டுகளே இன்றும் இந்த அழற்சியை உடனே அடக்கும் ஆயுதம். சாதாரணமாகப் பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை கொடுத்துத் தொடங்குவார்கள். கண்ணுக்கு ஆபத்து நேர்ந்துவிட்டால் இன்னும் பலமான மருந்தை நரம்பின் வழியே செலுத்துவார்கள். இதில் ஒரு விதியை நேயர்கள் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். முதியோர் வியாதி என்று பலமான சந்தேகம் இருந்தால், பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். சாட்சி வந்த பிறகு தீர்ப்பு என்பது நீதிமன்றத்துக்குச் சரி. இங்கே சாட்சி வருவதற்குள் கண் போய்விடும்.

மருந்தைத் தொடங்குவது எளிது. அதைக் குறைப்பதுதான் கலை. இரண்டு மூன்று மாதங்களில் 15 அல்லது 20 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு வருஷம் வரை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போது பலருக்கு வியாதி திரும்பும். அதற்காகவே வேறு மருந்துகள் தேடப்பட்டன. ஒஸாகா சர்வகலாசாலையில் டடமிட்ஸு கிஷிமோட்டோ, இன்டர்லூகின்-6 என்ற அழற்சித் தூதனைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து. இதை முதியோர் வியாதியில் பரீட்சித்த 251 பேரின் விவரம் 2017-ல் வெளியாயிற்று. வாரந்தோறும் ஊசி பெற்றுக்கொண்டு ஸ்டீராய்டை 26 வாரத்தில் நிறுத்தியவர்களில், ஒரு வருஷ முடிவில் நூற்றுக்கு 56 பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். மருந்தில்லாத ஊசியோடு அதே வேகத்தில் ஸ்டீராய்டை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 14 பேரே அவ்வாறு இருந்தார்கள். உபாடாசிடினிப் என்ற மாத்திரைக்கும் 2025-ல் இவ்வியாதிக்கென்று அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. டகயாஸு வியாதியில் ஸ்டீராய்டோடு ஆரம்பத்திலிருந்தே மீதோட்ரெக்ஸேட், அஸாதயோப்ரின், மைகோபினோலேட் போன்ற மருந்துகளில் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். அவை போதாவிட்டால் ஊசி மருந்துகள்.

குறுகிப்போன குழாயை பலூனால் விரிக்கவும், மாற்றுக் குழாய் வைத்து வழி செய்யவும் ரண வைத்தியர்களால் முடியும். ஆனால் நெருப்பு எரியும்போது கூரை வேய்வார் இல்லை. உயிருக்கு உடனே ஆபத்து என்றாலன்றி, அழற்சி அடங்கிய பிறகே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

வைத்தியரின் பொறுப்பு இவ்வளவு. வீட்டாரின் பொறுப்பு இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஸ்டீராய்டினால் முகம் உப்புகிறது; சர்க்கரை ஏறுகிறது; எலும்பு மெலிகிறது. இவை உண்மையே. சர்க்கரையையும் எலும்பையும் கண்ணையும் கவனித்துக்கொள்வதும், க்ஷயக் கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வதும் இதற்குப் பரிகாரம். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை ஒரே நாளில் தூக்கி எறிவது பரிகாரம் அல்ல. பல மாதம் ஸ்டீராய்டு உட்கொண்ட உடல், தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வியாதி திரும்புவதற்கு முன்பே உயிருக்கு ஆபத்து நேரிடக்கூடும்.

மற்றொன்றைச் சொல்லத் தயங்குகிறோம். ஆயினும் சொல்லாமல் விடுவது தர்மம் அல்ல. டகயாஸு வியாதி பெண்களைப் பிடிப்பது பெரும்பாலும் கல்யாணப் பிராயத்தில். பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று மருந்துச் சீட்டை ஒளிக்கிறார்கள். தாலி ஏறிய மறுநாளே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். பாவம், அந்தப் பெண் புக்ககத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல் ஒவ்வொரு குழாயாக அடைபட விட்டுக்கொண்டிருப்பாள். உண்மை என்னவெனில், வியாதி அடங்கியிருக்கும் காலத்தில், தக்க கவனிப்போடு, இந்தப் பெண்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் மீதோட்ரெக்ஸேட்டும் மைகோபினோலேட்டும் கருவுக்குக் கேடு செய்பவை. கர்ப்பம் தரிப்பதற்கு வெகு முன்னதாகவே டாக்டர் அவற்றை நிறுத்தி, தீங்கற்ற மருந்துக்கு மாற்ற வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளிலும் சில கர்ப்பிணிகளுக்கு ஆகா. மூடி மறைத்த வீட்டில் இந்த ஏற்பாடு எதுவும் நடவாது. மறைக்க வேண்டிய குற்றம் இதில் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டுச் செய்யும் கல்யாணமே நிலைக்கும்.

வீட்டிலுள்ள பெரியவர் எவரேனும் புதிதாகத் தலைவலி என்றால், மெல்லும்போது தாடை வலிக்கிறதா, கண் இருண்டு தெளிந்ததா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டுப் பெண் கை சோர்கிறது, தலை சுற்றுகிறது என்று மாதக் கணக்காகச் சொன்னால், வேலைக்குச் சோம்புகிறாள் என்று எண்ணாதீர்கள். அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் ஒரு கையைப் பார்த்து முடித்ததும், "மற்றக் கையையும் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.